நாற்பத்துமூன்று லாரி மண்

அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் 'தபால்காரர்'. ஓய்வு பெற்ற மறுமாதத்திலிருந்து 'காலிமனை'. "அதோ காலிமனை போறாரு பாரு" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சைக்கிளை மெதுவாக்கி, ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் சும்மா கிடக்க வேண்டியதுதானே? கிடந்தால்தானே! பழக்கதோஷம், காலை எட்டு மணி ஆனால் கால் தானாகச் சைக்கிளைத் தேடும். பையில் ஒரு கடிதம் கிடையாது, ஆனாலும் பழைய வழியிலேயே தெருத்தெருவாக ஒரு சுற்று. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒருநாள்தான் மூளையில் பொறி தட்டியது. பதினைந்தாம் எண் வீடு, அதற்கடுத்து பதினேழாம் எண் வீடு. நடுவில் பதினாறு எங்கே? முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை, ஏனென்றால் பதினாறுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. இறங்கிப் பார்த்தார். இரண்டு மதில்களுக்கு நடுவே நல்ல மேட்டுப்பாங்கான இடம், யாரும் சீண்டாமல் புல் முளைத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர் தொழில்முறை. மற்ற தரகர்கள் காலிமனையைத் தேடி வெயிலில் அலைவார்கள். இவர் கதவு எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே போவார். எண் எங்கே தாவுகிறதோ அங்கே மனை. சரி, மனை கிடைத்தது, சொந்தக்காரரை எங்கே பிடிப்பது? தரகர்களுக்கு அதற்கே மாசக்கணக்காகும். இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யார் எந்த ஊருக்குப் போனார்கள், எந்த மகளோடு ஒத்துவராமல் எந்த மகன் வீட்டுக்கு மாறினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முகவரி மாற்றச் சீட்டை எல்லோரும் அவர் கையில்தானே எழுதிக் கொடுத்தார்கள்?

இவ்வளவு கெட்டிக்காரருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. வாடகைக்கு ஒரு மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழைக்காலத்தில் மூட வராத ஒரு குளியலறைக் கதவு. கீழே வீட்டுக்காரர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இஸ்திரிப்பெட்டி தவறிக் கீழே விழுந்ததற்கே மனுஷன் மூச்சிரைக்க மாடியேறி வந்து நாலு சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் அந்த வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். யாராவது வந்தால் காலண்டர் எழுந்து இடம் கொடுக்கும்.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். இருபத்தாறு வருஷமாக ஜன்னலோரம் ஒரே தையல் மிஷின். வருஷத்தில் மூன்று மாசம், பள்ளி திறக்கிற நேரத்தில், அவளைப் பார்க்க வேண்டுமென்றால் துணிமூட்டைக்கு மேல் எட்டித்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு நகையில் ஆசையில்லை, ஊர் சுற்றுவதில் ஆசையில்லை.

"எனக்கு மாளிகையெல்லாம் வேண்டாங்க. ஒரு சுவர் இருந்தா போதும். யாரையும் கேக்காம அதுல நானே ஒரு ஆணி அடிக்கணும்" என்பாள்.

"ஒரே ஒரு மனை. வாங்கி வித்தேன்னு வச்சுக்கோ, வர்ற லாபத்துல நாலு சுவரும் உனக்குத்தான்" என்பார் இவர்.

"ம்" என்பாள். மிஷின் கடகடவென்று ஓடும். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், "ஆறே மாசம், சொந்த வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்ன மனுஷன் இவர். முப்பது வருஷமாகிறது. பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. ஆசைப்பட்டதை நடந்துவிட்டதாகவே சொல்லிவிடுகிற ரகம். அதனால் "பஸ் வருது" என்று அவர் சொன்னால் அவள் ஒரு எட்டு முன்னால் போய்ப் பார்ப்பாள். "மழை பெய்யுது" என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவையாவது லாபப் பணத்தைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்து, "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய வெறி.

ஆனால் முதலில் வாங்க நினைத்த இரண்டு மனைகளையும் அவர் கோட்டை விட்டார். காரணம் அவருடைய முகம். நல்ல மனையைப் பார்த்துவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எதிரே டீக்கடையில் தரகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் மேகம் மூடிய நாளில்கூடக் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர். இன்னொருவன், வெட்கக்கேடு, இவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. காலையில் இவர் எந்த மனைக்கு முன்னால் நின்றாரோ, சாயங்காலத்துக்குள் அதற்குக் கறுப்புக் கண்ணாடி முன்பணம் கொடுத்து முடித்திருப்பார். இரண்டு தடவை இப்படி ஆனதும் இவர் உஷாரானார். இனிமேல் வாங்குகிற மனைக்கு முன்னால் நிற்கவே கூடாது, ஆறு வீடு தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதன்முதலில் கண்ணில் பட்ட அந்தப் பதினாறாம் எண் மட்டும் இன்னும் டீக்கடைக்குத் தெரியாமல் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை. மகள் ஊருக்குப் போய் ஒன்பது வருஷமாகிறது. இவர் சத்தமில்லாமல் இரண்டு பஸ் மாறிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அட, நம்ம தபால்காரரா? எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார் ஆசிரியை.

"வரலைம்மா. இந்தத் தடவை நான்தான் வந்திருக்கேன்."

மூன்று மாசத்தில் மீதியைக் கொடுத்துவிடுவது என்று ஒப்பந்தம் எழுதி, ஓய்வுப் பணத்தில் கொஞ்சத்தை முன்பணமாகக் கொடுத்தார். இந்த மூன்று மாசத்துக்குள் அதிக விலைக்கு ஆள் பிடிக்க வேண்டும். அதுதான் வியாபாரம். ஆளும் மாட்டினார், ஒரு கண் டாக்டர், மருத்துவமனை கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தவர். விஷயம் டீக்கடைக்குத் தெரிந்தால் கறுப்புக் கண்ணாடி ஆசிரியையிடமோ டாக்டரிடமோ புகுந்து கெடுத்துவிடுவார். தரகர்களை வேறெங்காவது பராக்குப் பார்க்க வைக்க வேண்டும்.

அதற்கு வாய்த்ததுதான் இருபத்திரண்டாம் எண். அதுவும் காலிமனைதான். ஆனால் என்ன மனை! தெருவிலிருந்து பார்த்தால் ஆளுயரப் புதர், நல்ல சமதளம் போல இருக்கும். புதருக்கு அடியில் முழுக்க முழுக்கப் பள்ளம். மழை வந்தால் மார்பளவு தண்ணீர், தவளைகளின் ராஜ்ஜியம். ஒருதடவை இருபத்தொன்றாம் எண் வீட்டு நாய் துரத்தி அவர் அதில் விழுந்து, பதிவுத் தபாலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றிருக்கிறார். சொந்தக்காரரான பழைய இரும்பு வியாபாரி, சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அதை மறந்தே போயிருந்தார்.

அந்தப் பள்ளத்துக்கு முன்னால் பத்து நாள் நம்ம ஆள் போட்ட நாடகம் இருக்கிறதே! சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பிறவி நடிகர். தெருவோரமாகவே காலால் அடியளந்தார். ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து, கண்ணை மூடித் தலையசைத்தார். நோட்டை எடுத்து மும்முரமாக எழுதினார். எழுதியது என்னவோ 'துணி சோப்பு, பல்பொடி, நூல்கண்டு ஆறு'. டீக்கடையில் கறுப்புக் கண்ணாடி முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள், இருபத்திரண்டின் முன்னால் கையில் மண்ணோடு நிற்கும்போது போன் வந்தது. கண் டாக்டர். பதினாறாம் எண்ணை வாங்கிக்கொள்ளச் சம்மதம், விலையும் சம்மதம். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சிரித்தார். அது நடிப்பில்லை. முப்பது வருஷத்துச் சிரிப்பு அப்படியே முகத்தில் வந்து நின்றது.

இப்போது கேளுங்கள் கூத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி தட்டு வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கவரையும் வைத்தாள்.

"என்ன இது?"

"பிரிச்சுப் பாருங்க. கையைத் துடைச்சுக்கிட்டுப் பிரிங்க."

பிரித்தார். பத்திரம். மனைவி பெயரில் பதிவாகியிருந்தது. மனை எண் இருபத்திரண்டு.

வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"தம்பிதாங்க சொன்னான். 'அக்கா, மாமா இருபத்திரண்டு மேல கண்ணு வச்சிருக்காரு, கண்ணாடிக்காரன் தட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள நீ முந்திக்கோ'ன்னான். நீங்க சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேன். நீங்க சொல்றதை நான் எப்ப நம்பியிருக்கேன்? அதனால நானே வந்து பாத்தேன், துணி இஸ்திரி போடுறவர் வண்டிக்குப் பின்னால நின்னு. கையில மண்ணை வச்சுக்கிட்டு நீங்க ஒரு சிரிப்புச் சிரிச்சீங்க பாருங்க. இத்தனை வருஷத்துல என்னைப் பாத்துக்கூட நீங்க அப்படிச் சிரிச்சதில்லை. வாய் பொய் சொல்லும், முகம் சொல்லாதுன்னு தோணுச்சு. மிஷின் டிராயர்ல இருந்த சேமிப்புப் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"மொத்தமும் போட்டியா?"

"இருபத்தாறு வருஷத்துச் சீருடை. மொத்தமும்."

உண்மை அவர் வாய்வரைக்கும் வந்தது. அப்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல உங்களை நம்பி நான் செஞ்ச முதல் காரியம் இதுதாங்க."

வந்த உண்மையைக் கவளத்தோடு சேர்த்து விழுங்கினார். அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. பாவி மனுஷன், ஊரையெல்லாம் ஏமாற்ற வலை விரித்தார். ஊரில் ஒரு ஈ காக்கா விழவில்லை. தான் சொல்கிற எதையும் நம்பாத ஒரே ஒரு ஜீவன் வந்து விழுந்துவிட்டது.

கடவுள் வழிவிட்ட மாதிரி மறுநாளே கறுப்புக் கண்ணாடி மாடியேறி வந்தார். காலண்டர் எழுந்து இடம் கொடுத்தது.

"இருபத்திரண்டை நீங்க முடிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு விட்டுக்கொடுங்க. நீங்க போட்டதுக்கு மேல பத்துல ஒரு பங்கு சேத்துத் தரேன். பணம் கையோட கொண்டுவந்திருக்கேன்" என்றார்.

நம்ம ஆளுக்கு உயிர் திரும்பி வந்தது. "தாராளமா!" என்று எழுந்தேவிட்டார்.

"விக்கிறதுக்கில்லை" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"ஏம்மா, பத்துல ஒரு பங்கும்மா!"

"இருக்கட்டும். நான் வீடு கட்ட வாங்கினேன்."

அவர் தரகருக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினார். புருவத்தை ஏற்றி இறக்கினார். கையைத் தாழ்த்திப் பள்ளம் என்று காட்டப் பார்த்தார். "என்னங்க, கண்ணுல தூசியா?" என்றாள் அவள். மனை பள்ளம் என்று வாயைத் திறந்து சொன்னால் மனைவி விற்பாள், ஆனால் தரகர் ஓடிவிடுவார். சொல்லாவிட்டால் தரகர் நிற்பார், மனைவி விற்கமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இதைப் பார்த்த கறுப்புக் கண்ணாடி, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து விலையேற்றுகிறார்கள் என்று நினைத்து பத்தில் இரண்டு பங்கு என்றார். அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். வந்தவர் பெருமூச்சு விட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நம்ம ஆள் மச்சானை இழுத்துக்கொண்டு இருபத்திரண்டுக்குப் போனார்.

"ஏன்டா மாப்ளே, அக்கா பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி உள்ளே இறங்கிப் பாத்தியா?"

"எதுக்கு மாமா இறங்கணும்? அதான் நீங்க பத்து நாளா நின்னீங்களே!"

"இப்ப இறங்கு."

மச்சான் புதரை விலக்கி ஒரு காலை வைத்தான். மறுநிமிஷம் தலைமயிர் மட்டும்தான் தெரிந்தது.

"மாமா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தரை எங்க மாமா?"

"அதைத்தான்டா நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

மேலே ஏறி வந்தவன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அக்காவிடமே தரகுக் கூலி வாங்கியிருந்தான் அந்த உத்தமன். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கத்திரிக்கோலாலயே வெட்டிடும் மாமா" என்றான்.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. பதினாறையே அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்றும் அவர் யோசித்தார். டாக்டருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதைவிட, பதினாறைக் கொடுத்தால் இருபத்திரண்டு வெறும் நடிப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரிப்பை நம்பி இருபத்தாறு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தவளிடம் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மனுஷனுக்கு முதல்தடவையாகத் தன் வாயைப் பார்த்தே பயம் வந்தது.

அந்த வாரமே பதினாறாம் எண் கைமாறியது. ஆசிரியைக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. டாக்டர் மகிழ்ச்சியாகக் கைகொடுத்தார். செலவெல்லாம் போக லாபம் முழுசாக அவர் கையில் நின்றது. வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொன்னதைச் செய்து காட்டிவிட்டார். எந்தப் பணத்தை மிஷின் மேல் வைத்து நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்று கனவு கண்டாரோ, அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே மண் லாரிக்காரரிடம் போனார்.

பள்ளி திறக்கிற நேரம். மனைவி துணிமூட்டைக்குப் பின்னால் இருந்ததால் ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் மண்ணாகத் திரும்பி வருவார். "எங்க போய் உருண்டுட்டு வர்றீங்க?" என்று கேட்பாள், பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். புதரை வெட்டி, அடியிலிருந்து மண் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து, மறுபடி மண் போட்டார்கள். லாரி வரும்போதெல்லாம் மச்சான் கைகாட்டிப் பின்னால் எடுக்கச் சொல்லி, தொண்டை கட்டிப்போனான். கடைசி ஆறு லாரி அவன் வாங்கிய தரகுக் கூலியில் வந்தது. டீக்கடையில் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தான் தப்பித்த விஷயம் புரிந்து இரண்டு டீ சேர்த்துக் குடித்தார்.

நாற்பத்துமூன்றாவது லாரி கொட்டியபோது மனை தெருவைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. லாபத்தில் மிச்சம் இருந்தது இரண்டு டீக்கான சில்லறை. மாமனும் மச்சானும் அதையும் குடித்துத் தீர்த்தார்கள்.

மழை வந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு தன் மனையைப் பார்க்கக் கிளம்பினாள். தெருவெல்லாம் தண்ணீர், இருபத்திரண்டு மட்டும் மேடாக நின்றது. "பாத்தீங்களா? ஒரு சொட்டு நிக்கலை" என்று அவரிடமே பெருமையடித்தாள். அவர் குடைக்குள் நின்றுகொண்டு, "ஆமாமா, நல்ல மனை" என்றார்.

மண் இறுகட்டும் என்று இன்னொரு மழைக்காலமும் காத்திருந்து, ஓய்வுப் பணத்தின் மீதியில் இரண்டு அறை கட்டினார்கள். சாமான் ஏற்றிய வண்டி வந்து நின்ற அன்று அவள் அடுப்பைக்கூடத் தேடவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, கையில் சுத்தியலோடு கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்றாள். காலண்டரை மச்சான் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நம்ம ஆளுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. ஜெயித்தும் அதைச் சொல்ல ஒரு ஆளில்லாமல் எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் இருப்பான்?

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ நிக்கிற இந்த இடம் அந்தக் காலத்துல பெரிய பள்ளம். நான் மார்பளவு தண்ணியில நின்னிருக்கேன். அன்னைக்கு நான் சிரிச்சது இந்த மனையைப் பாத்து இல்லை. நான் வாங்கி வித்தது பதினாறாம் நம்பர். கண் டாக்டருக்கு வித்தேன். நல்ல லாபம். அந்த லாபம் பூரா இங்கதான் கிடக்கு, உன் காலுக்கு அடியில. நாற்பத்துமூணு லாரி மண்ணு."

அவள் வாயிலிருந்த ஆணிகளை எடுத்தாள். திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாற்பத்துமூணு லாரியா? ஏங்க, கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? புது வீட்டுக்கு வந்த அன்னைக்காவது அந்த வாயைச் சும்மா வச்சிருக்கக் கூடாதா?"

"சத்தியமா சொல்றேன்! டேய் மாப்ளே, நீயே சொல்லுடா!"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான்.

"எந்தப் பள்ளம் மாமா?" என்றான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி ஆணியை வைத்து அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. கீழேயிருந்து யாரும் மூச்சிரைக்க ஏறி வரவில்லை, கீழே மண்தான் இருந்தது. காலண்டரை வாங்கி மாட்டினாள்.

"நேரா இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

"நேரா இருக்கு" என்றார் அவர்.

அவர் சொன்னதை அவள் எப்போது நம்பியிருக்கிறாள்? முக்காலியிலிருந்து இறங்கி, தானே பார்க்கலாம் என்று பின்னால் நடந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றவள் காலண்டரைப் பார்க்கவில்லை. ஒரு கணம் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஆமா, நேராத்தான் இருக்கு" என்றாள்.